நஞ்சுக்கொடி விழும் முன்

செண்பகத்தோப்பு சாலை, ஸ்ரீவில்லிபுத்தூர்
12 நவம்பர் 2024, செவ்வாய்

அப்பாவுக்கு,

மயிலை இன்று காலை ஐந்து பத்துக்குக் கன்று போட்டது. கிடேரிக்கன்று. பார்த்தது நான். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குக் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உங்கள் மருமகனும் பார்த்தார்.

ஐந்து ஐம்பதுக்குக் கன்று எழுந்து நின்றது. ஆறு மணிக்குக் காம்பைப் பிடித்துச் சீம்பால் குடித்தது. நஞ்சுக்கொடி விழுந்தது பதினொன்று இருபதுக்கு. இந்த இரண்டு நேரத்தையும் அடிக்கோடிட்டிருக்கிறேன். கொடி விழுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே கன்று குடித்துவிட்டது. மயிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடி முழுதாக விழுந்தது. மதியம் ஒரு கட்டுச் சோளத்தட்டையைத் தின்றுவிட்டு இன்னும் கேட்கிறது.

போன வருஷம் இதே கொட்டிலில், கொடி விழாமல் கன்றை மடியில் விடக்கூடாது என்று நீங்கள் கயிற்றைப் பிடித்து நின்றீர்கள். கொடி விழ மறுநாள் காலை ஆனது. அதற்குள் கன்று கத்தி ஓய்ந்துபோனது. கறந்த சீம்பாலை வெல்லம் போட்டு அவித்துப் பத்து வீட்டுக்குக் கொடுத்தோம். மடவார் வளாகத்தில் சித்தி வீட்டுக்குக்கூட ஒரு தூக்குப் போனது. கன்றின் வயிற்றுக்குப் போகவேண்டிய நேரத்தில் போகவில்லை. கழிச்சல் கண்டு நான்காம் நாள் செத்தது. மூன்று வாரம் கழித்துச் செவலையின் வெள்ளைக் கன்றும் செத்தது. அதைப் புதைத்த இடத்தில் நான் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அன்று பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பி விக்னேஸ்வரன் வீட்டுக்குக் கிளம்பும்போது, “இனிமே எங்கிட்ட எது சொல்லணும்னாலும் எழுத்துல குடு” என்றீர்கள். ஒரு வருஷம் நான் எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம் கன்று மட்டுமல்ல. பக்கத்துத் தோப்பு ராக்கப்பன் மாமா ஞாயிற்றுக்கிழமை அளக்கிற நாடாவோடு வந்தார். தை பிறந்தால் இந்த நாலு ஏக்கரும் தன் குத்தகை, தென்னை வைக்கப் போகிறேன் என்கிறார். உண்மையா? உண்மையென்றால் மூன்று மாட்டையும் இந்தக் கன்றையும் நான் எங்கே கட்டுவது?

எழுத்தில் பதில் தரவும்.

பாண்டிசெல்வி


பஞ்சு மார்க்கெட் அருகில், ராஜபாளையம்
15-11-2024

செல்விக்கு,

உன் கடிதம் பால்வண்டி டிரைவர் சாம்சன் மூலம் 13-ஆம் தேதி காலை எட்டே காலுக்குக் கிடைத்தது. உறையின் மேல் சாணிக்கறை இருந்தது. படிப்பதற்குத் தடையில்லை.

ராக்கப்பன் சொன்னது உண்மை. நிலம் என் பெயரில் உள்ளது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். தை முதல் தேதிக்கு இன்றிலிருந்து அறுபது நாள். அதற்குள் கொட்டிலைக் காலி செய்ய வேண்டும்.

கன்று பற்றி. ஒரு கன்று ஒரு நாள் உயிரோடு இருந்ததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. போன வருடக் கன்று செத்தது நான்காம் நாள். நீ எழுதியிருப்பது முதல் நாள். கொடி நிற்கும்போது கன்று குடித்தால் கொடி உள்ளேயே தங்கி மாடு கெட்டுப்போகும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. என் அப்பா அப்படித்தான் செய்தார். முதலில் யார் சொன்னார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

முப்பத்தொரு வருடம் போலீஸில் இருந்தேன். அதில் பத்தொன்பது வருடம் ஸ்டேஷன் ரைட்டர். கொலை என்ற சொல்லைக் காகிதத்தில் எழுதும் முன் எத்தனை பேரை விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ பத்துப் பேர் முன்னால் ஒரே மூச்சில் சொன்னாய்: “ரெண்டு கன்னையும் நீங்கதான் கொன்னீக.” அந்தப் பத்துப் பேரில் ராக்கப்பனும் ஒருவன். அதற்குப் பிறகு அந்தக் கொட்டிலுக்குள் நான் எந்த முகத்தோடு வருவது? யாரும் மாடு கட்டாமல் இருந்தால் நல்லது என்றுதான் வாக்குக் கொடுத்தேன்.

சோலைச்சாமி

தொப்புளில் டிஞ்சர் வைத்தாயா? மழை பெய்கிறது. கன்று படுக்கிற இடம் ஈரமாக இருக்கக் கூடாது.


செண்பகத்தோப்பு சாலை
27 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

பிறந்து இன்றோடு பதினைந்து நாள். கன்று முப்பது கிலோ. பிறந்தபோது இருபத்து நாலு. இரண்டு முறையும் நெஞ்சைச் சுற்றி நாடா வைத்து எடை கணக்கிட்டவர் கால்நடை மருத்துவர் ஜெபா. அவர் கையாலேயே சீட்டில் எழுதித் தந்தார், இணைத்திருக்கிறேன். டிஞ்சர் பிறந்த உடனேயும், மறுநாளும் வைத்தேன். படுக்கைக்குத் தென்னை நார்க்கழிவு கொட்டி, தினமும் காலையில் நனைந்ததை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுகிறேன்.

மறைக்க விரும்பவில்லை: ஆறாம் நாள் கழிச்சல் வந்தது. வெள்ளையாக, தண்ணீர் மாதிரி. உடனே டாக்டர் ஜெபாவுக்குப் போன் செய்தேன். போன வருஷம் கழிச்சல் என்றதும் பாலை நிறுத்தினோம், அதனால் இன்னும் சோர்ந்தது. இந்தமுறை டாக்டர் சொன்னபடி பாலை நிறுத்தாமல், இடையிடையே உப்பும் சர்க்கரையும் கலந்த வெந்நீரை ஆறவைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சாணி இறுகியது. சாணி இறுகியதைப் பார்த்துச் சிரிக்கிற பெண்பிள்ளை இந்தச் சாலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

20-ஆம் தேதி செவலையும் ஈன்றது. காளைக்கன்று. அதுவும் கொடி விழும் முன்பே குடித்தது. கொடி மூன்று மணி நேரத்தில் விழுந்துவிட்டது. நேற்று அதற்கு நான் வாளியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது ராக்கப்பன் மாமா வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார்.

“ஏட்டி செல்வி, காளைக்கன்னுக்குமா இம்புட்டுப் பால ஊத்துத? அது என்ன கறக்கவா போகுது?”

“நீங்க எதக் கறந்தீக மாமா? ஒங்க வீட்டுல அத்தை மூணு வேளை சோறு போடலையா?”

பால்கேனைத் தூக்க வந்த சாம்சன் சிரித்த சிரிப்பில் கேன் மூடி உருண்டு வாய்க்காலில் விழுந்தது. மாமாவுக்குக் கோபம். “தை பொறக்கட்டும், ஒன் வாய வச்சுத் தென்னைக்குத் தண்ணி பாய்ச்சுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பியின் போனுக்கு இரண்டு கன்றின் படமும் அனுப்பியிருக்கிறேன். பார்க்கச் சொல்லி உங்களை வற்புறுத்தவில்லை.

பாண்டிசெல்வி


ராஜபாளையம்
9-12-2024

செல்விக்கு,

படம் சாட்சியாகாது. இருந்தாலும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கன்றுக்கும் வாலின் கீழே சுத்தமாக இருக்கிறது. கண்ணில் பீளை இல்லை. காளைக்கன்றின் முன்னங்கால் அகலம். விக்னேஸ்வரன் போனைத் திரும்பக் கேட்டான், கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்தேன்.

நான் இதுவரை விசாரிக்காததை இப்போது விசாரித்தேன்.

3-ஆம் தேதி இங்குள்ள அரசுக் கால்நடை மருத்துவரைப் பார்த்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஏழு ஆடும் ஒரு நாயும். என் முறை வந்ததும் மாடு எங்கே என்றார். மாடு இல்லை, மூன்று கேள்வி இருக்கிறது என்றேன். கொடி விழும் முன் கன்று குடித்தால் மாடு கெடுமா? கெடாது. சீம்பால் எவ்வளவு நேரத்துக்குள் போக வேண்டும்? முதல் ஓரிரு மணி நேரத்துக்குள். நேரம் ஆக ஆகக் கன்றின் குடல் அந்தச் சத்தை ஏற்பது குறையும், ஒரு நாள் கழிந்தால் அனேகமாக ஒன்றும் ஏறாது. கொடுக்காவிட்டால்? நோயை எதிர்க்கக் கன்றிடம் எதுவும் இருக்காது. பதில்களை அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டேன்.

ஒரு சாட்சி போதாது. 5-ஆம் தேதி காலையில் மலையடிப்பட்டியில் பண்ணை வைத்திருக்கும் கிருபாபாயைப் பார்க்கப் போனேன். அந்த அம்மாளிடம் பதினோரு கன்று நிற்கிறது, பதினொன்றும் அங்கேயே பிறந்தவை. நான் கேட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஏட்டையா, நீங்க தலகீழா பிடிச்சிருக்கீக. கன்னு முட்டிக் குடிச்சாத்தான் கொடியே வெரசா விழும். நீங்க கொடி விழட்டும்னு கன்னைப் பிடிச்சு வச்சா, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.”

உன் மயிலைக்கு இந்த வருடம் ஆறு மணி நேரத்தில் கொடி விழுந்ததையும், போன வருடம் மறுநாள் வரை விழாததையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முடிவு வருமாறு. போன வருடம் இரண்டு கன்றும் என் செய்கையால் செத்தன. மயிலையின் கன்றைப் பிறந்தது முதல் மறுநாள் காலை வரை பட்டினி போட்டேன். வெள்ளைக் கன்றை ஆறு மணி நேரம். நீ பத்துப் பேர் முன் சொன்னது கடுமையான சொல். தவறான சொல் அல்ல. இதை எழுத்தில் தருகிறேன். வேண்டுமானால் ராக்கப்பனிடம் காட்டு.

ஆகவே குத்தகையில் மாற்றமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே அறுபத்துமூன்று வயது வரை கயிற்றைப் பிடித்தவன் நிலத்தில் இனி மாடு நிற்க வேண்டாம். உன் மாடு கன்றுகளுக்குக் கிருபாபாய் தன் பண்ணையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான்தான் கேட்டேன்.

சோலைச்சாமி


செண்பகத்தோப்பு சாலை
14 டிசம்பர் 2024

அப்பாவுக்கு,

வெள்ளைக் கன்று உங்களால் சாகவில்லை. என்னால் செத்தது.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மருமகனுக்கும் தெரியாது. டாக்டர் ஜெபாவுக்கு மட்டும் தெரியும்.

நீங்கள் அந்தக் கன்றை ஆறு மணி நேரம் நிறுத்தினீர்கள், உண்மை. ஆனால் அது தேறிவிட்டது. ஏழு நாள் நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் காலை சாம்சன் வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கேனை நிரப்ப வேண்டும், கன்றுக்கும் கொடுத்தாக வேண்டும். அவசரத்தில் பாட்டிலில் பாலை ஊற்றி, கன்றின் தாடையைப் பிடித்துத் தலையை மேலே தூக்கி, பாட்டிலைச் சாய்த்துவிட்டேன். பாட்டிலின் ரப்பர் காம்பில் உள்ள ஓட்டையை முந்தின நாள்தான் கத்தரியால் பெரிதாக்கியிருந்தேன், சீக்கிரம் குடித்து முடிக்கட்டும் என்று. கன்று இருமியது. மூக்கு வழியாகப் பால் வந்தது. துடைத்துவிட்டு மிச்சத்தையும் கொடுத்தேன்.

மாலையில் மூச்சு வாங்கியது. மறுநாள் மதியம் செத்தது. சாவதற்குச் சற்று முன்பு டாக்டர் ஜெபா வந்து அதன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “பால் நுரையீரலுக்குள்ள போயிருக்கும்மா. தலையத் தூக்கிக் குடுத்தியா?” நான் தலையை ஆட்டினேன். அதற்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான், புதைத்த இடத்தில், ரெண்டு கன்னையும் நீங்கதான் கொன்னீக என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். ஒரு கன்று உங்களால் போனது என்று சொன்னால் அடுத்தது யாரால் என்று யாராவது கேட்பார்கள். அதனால் இரண்டையும் உங்கள் மேல் போட்டேன்.

முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். நிலம் போய்விடுமோ என்ற பயத்தில் எழுதவில்லை. இப்போது நிலம் போனாலும் சரி. செய்யாததற்கு நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நான் வைத்திருக்க முடியாது. உங்கள் கடிதத்தில் “இரண்டு கன்றும்” என்ற வரியைக் கோடு கிழித்து “ஒரு கன்று” என்று திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்களும் போட வேண்டும்.

இப்போது எப்படிக் கொடுக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வாளியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைக்கிறேன். இரண்டு விரலைப் பாலில் நனைத்துக் கன்றின் வாயில் வைத்தால் சப்பும். விரலை மெல்லக் கீழே கொண்டுபோனால் தலையும் கூடவே இறங்கும். தலை கீழே, விரல் பாலுக்குள். நாலு நாளில் விரல் தேவைப்படாது. சாம்சன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவனும் இப்போது வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்க்கிறான்.

இரண்டு கன்றும் உயிரோடு நிற்கின்றன. கிடேரி முப்பத்தேழு கிலோ. பிறந்து முப்பத்திரண்டு நாளில் ஒரு கன்றை இப்படி நிறுத்திக் காட்ட இந்தச் சாலையில் வேறு யாரும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கிருபாபாய் அம்மாவுக்கு நன்றி. இடம் வேண்டுமா என்பதை உங்கள் பதில் பார்த்துச் சொல்கிறேன்.

பாண்டிசெல்வி


ராஜபாளையம்
2-1-2025

செல்விக்கு,

குத்தகை இல்லை என்று ராக்கப்பனிடம் 30-ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு நேரில் சொல்லிவிட்டேன். இடம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடை. கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். வேண்டுமென்றேதான் அந்த இடத்தில் சொன்னேன்.

“ஏட்டையா, வாக்குக் குடுத்தீகளே!” என்றான்.

“குடுத்தேன். இப்பம் அதத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்.”

“எதுக்காம்? மக அழுதாளோ?”

“ஏலே, எம் மக அழுகுற ஆளா? அவ வாய ஒனக்குத் தெரியாதா?”

“பொறவு என்ன? ரெண்டு கன்னுக்காகவா நாலு ஏக்கரைப் பிடிச்சு வைக்கீக? பிள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கேன், நூத்தம்பது தென்னம்பிள்ளை. லாரில வந்து எறங்கப் போகுது.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வாக்கு மாறியவன் நான். கிழக்கு வரப்பு நெடுக நாற்பது பிள்ளை அவன் வைத்துக்கொள்ளலாம், காய் அவனுக்கு, மட்டை நமக்கு என்று சொன்னேன். மிச்சத்துக்கு என் சகலை நிலத்தில் பேசிக் கொடுத்திருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே டீ குடித்தான். காசு என்னைக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன்.

அதன் பிறகு அந்த எட்டுப் பேருக்கும் கேட்கும்படி இன்னொன்றும் சொன்னேன். போன வருடம் மயிலையின் கன்று செத்தது என் தப்பு, கொடி விழக் காத்திருந்தது பிசகு, இனி யார் வீட்டில் மாடு ஈன்றாலும் கன்றை உடனே மடியில் விடுங்கள் என்று. ஒருவர் சண்டைக்கு வந்தார். மூன்று பேர் உன் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள். தொந்தரவு செய்தால் என்னிடம் சொல்.

வெள்ளைக் கன்றைப் பற்றி டீக்கடையில் நான் எதுவும் சொல்லவில்லை. அது உன்னுடையது. சொல்வதா வேண்டாமா என்பதும் உன்னுடையது.

உன் வாக்குமூலத்தை மூன்று முறை படித்தேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. பத்தொன்பது வருடம் ரைட்டராக இருந்ததில், கேட்காமலே தானாக வந்து ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரின் பெயரும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. உன்னையும் சேர்த்தால் ஐந்து. கன்றை வளர்த்ததற்கு ஊரில் உன்னை மெச்சுகிறார்கள், அது சரி. நான் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது இந்தக் காகிதத்துக்காக.

திருத்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இணைப்பு ஒன்று.

மூன்றாவது மாடு காரியும் சினையாக இருப்பதாக விக்னேஸ்வரன் சொன்னான். வந்து நில்லுங்கள் என்று நீ எழுதுவாய் என்று தெரியும். முன்கூட்டியே சொல்கிறேன், வேண்டாம். நிலத்தைக் கொடுப்பது வேறு. பிறந்த கன்றின் பக்கத்தில் நான் நிற்பது வேறு.

அப்பா


செண்பகத்தோப்பு சாலை
12 பிப்ரவரி 2025, புதன்

அப்பாவுக்கு,

மயிலையின் கிடேரி நேற்றோடு பால்குடி மறந்தது. தொண்ணூற்றொரு நாள். எடை அறுபத்தாறு கிலோ, இன்று காலை அளந்தவர் டாக்டர் ஜெபா. தீவனமும் அகத்தியும் தின்கிறது. மண்ணை நக்கும் பழக்கம் இருந்தது. அதற்கு வாய்க்கூடை போட்டோம். அதையும் தின்னப் பார்த்தது. சாம்சன் காளைக்கன்றைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்கிறான், அவன் மனைவி வீட்டில் வண்டி மாடு கட்டுகிறார்களாம். யோசிக்கிறேன் என்றேன். அது இப்போது அவன் ஹாரன் சத்தம் கேட்டதும் கத்துகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வரப்பில் தென்னம்பிள்ளை வைக்க ராக்கப்பன் மாமா வந்தார். அத்தையும் கூட வந்தார். வேலை முடிந்ததும் இரண்டு பேரிடமும் வெள்ளைக் கன்று எப்படிச் செத்தது என்று சொன்னேன். முந்தின இரவே உங்கள் மருமகனிடம் சொல்லியிருந்தேன். அவர் அந்தப் பாட்டிலைத் தேடி எடுத்துக் குப்பைக் குழியில் போட்டார். மாமா மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு, “அன்னைக்கு அவிய போற போக்கப் பாத்தேன்ட்டி. பெட்டியக்கூட ஒழுங்காப் பிடிக்கல” என்றார். நீங்கள் கிளம்பியபோது நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா பார்த்திருக்கிறார்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுத வேண்டியிருக்கிறது. பிறந்த கன்றின் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அப்பா, டீக்கடையில் நீங்கள் சொன்ன பிறகு இந்தச் சாலையில் ஐந்து மாடு ஈன்றிருக்கிறது. ஐந்து வீட்டிலும் கொடி விழும் முன்பே கன்று குடித்தது. நான்கு வீட்டுக்கு நானே போய் நின்றேன். ஐந்தாவது வீட்டில், கன்று பிறந்த நேரத்தையும் குடித்த நேரத்தையும் காலண்டரில் எழுதி வைத்திருந்தார்கள். ஏட்டையா எழுதச் சொன்னார் என்றார்கள். ஐந்து கன்றும் நிற்கின்றன. நீங்கள் யார் பக்கத்தில் நிற்கலாம், நிற்கக் கூடாது என்பதை உங்களிடம் விட்டுவிட்டால் சரிவராது.

மயிலைக்கும் செவலைக்கும் நான் தனியாகச் சமாளித்தேன். காரிக்கு முடியும் என்று தோன்றவில்லை. தலைச்சன் ஈற்று. மிரளும். ஒருவர் அதன் தலையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் கன்றைத் துடைத்து மடிக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் மருமகனுக்கு அந்த வாரம் முழுக்கக் காலை ஷிப்ட். தலையை நான் பிடிக்கிறேன். கன்றைக் கொண்டுவருவது உங்கள் வேலை.

இதுவரை உறுதியானவை இவ்வளவு. நிலுவையில் இரண்டு இருக்கின்றன. காரிக்குச் சினை ஊசி போட்டது மே 20. டாக்டர் ஜெபா சொல்வதன்படி கன்று பிப்ரவரி 24, திங்கட்கிழமை. இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகலாம். இரண்டாவது, உங்கள் பதில். அது 20-ஆம் தேதிக்குள் வர வேண்டும். இந்தமுறை எழுத்தில் வேண்டாம்.

செல்வி